வழுக்காத ஏழாம் நம்பர்

கூடத்துக்கு நட்டநடுவில் அரை லிட்டர் சமையல் எண்ணெயைக் கொட்டி, அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, "அசையல பார்!" என்று மேஸ்திரி தனக்குத்தானே கைதட்டிக்கொண்ட நேரத்தில்தான் மச்சினன் வாசல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான்.

வந்தான் என்று சொல்வதுகூடத் தப்பு. வாசலில் கிளம்பியவன் சோபாவுக்கு அடியில் போய்த்தான் நின்றான். நடுவில் அவன் நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"மாமா!" சோபாவுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "வீட்ல என்ன நடக்குது?"

"டெஸ்ட் நடக்குது. நல்ல நேரத்துக்கு வந்தேடா. உன் செருப்பு வழுக்குது, இந்த ஷூ வழுக்கல. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

"என் இடுப்புதான் கிடைச்சுதா உங்களுக்கு அத்தாட்சிக்கு?"

மேஸ்திரி காலில் இருந்தது பெரிய ஹோட்டல்களின் சமையல்கட்டில் வேலை பார்க்கிறவர்கள் போடுகிற கறுப்பு ஷூ. எண்ணெய், தண்ணீர், சோப்பு நுரை எது கொட்டினாலும் வழுக்காது என்று கடையில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் அதைத் தனக்காக வாங்கவில்லை, மனைவிக்காக வாங்கியிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே ஏழாம் நம்பர் கால். கல்யாணமான புதிதில் அவசரத்தில் அவர் செருப்பை அவள் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட, அவர் குளியலறைச் செருப்போடு வேலைக்குப் போன கதையெல்லாம் உண்டு.

மேஸ்திரி என்றால் டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. இருபது வருஷத் தொழில். எந்தத் தரையைப் பார்த்தாலும் குனிந்து ஒரு தடவு தடவிவிட்டுத்தான் மேலே நடப்பார். துக்க வீட்டுக்குப் போனாலும் சரி. அப்படிப்பட்டவருக்கே தெரியாத ஒரு தரை இருக்கிறது என்பதுதான் இந்தக் கதையின் தொல்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள். கையைக் காலை உதறி அழுகிற கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். அதனால் அங்கே அவளுக்கு 'ஒத்தக்குத்து' என்று பெயர். ஐந்து வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரி ஊழியர்களின் விளையாட்டு விழாவில் சும்மா வேடிக்கைக்குத் துப்பாக்கியைத் தூக்கிப் பத்து பலூனைச் சுட்டாள். பத்தும் போயிற்று. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் அவளை விடவில்லை.

அன்றிலிருந்து அவள் ஓடிச் சுடுகிற போட்டிக்காரி. நின்ற இடத்திலேயே நின்று சுடுகிற சமாசாரம் இல்லை இது. மைதானத்தில் ஆறு இடத்தில் கட்டம் போட்டிருப்பார்கள். ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓட வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், எதிரே இருக்கிற இரும்புத் தட்டுகளைச் சுட்டுச் சாய்க்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். எல்லாம் நொடிக் கணக்கு. துப்பாக்கி முனை இலக்கு இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தடுக்கி விழுந்து முனை பக்கவாட்டில் திரும்பினால் அந்த நொடியே ஆட்டத்தை விட்டு வெளியே.

போன வருஷம் அதுதான் நடந்தது.

வருஷத்துக்கு ஒரு தேர்வுப் போட்டி. ஜெயிக்கிற ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் அணியில் இடம். மூன்று கட்டம் வரை அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வேலியோரம் நின்றிருந்த கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்தது. மேஸ்திரியைக் கேட்கவே வேண்டாம். நாலாவது கட்டத்துக்கு வளைகிற இடத்தில் சரளைக்கல்லில் கால் சறுக்கி, பொத்தென்று விழுந்தாள். நடுவர் கையைத் தூக்கிவிட்டார். முடிந்தது கதை.

அன்றைக்கு அவள் போட்டிருந்த ஷூ மேஸ்திரி ஆசையாகத் தேடித் தேடி வாங்கிக் கொடுத்தது. அன்று சாயங்காலமே அதைத் தன் கையால் குப்பைத்தொட்டியில் போட்டார். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

இந்த வருஷப் போட்டிதான் கடைசி. நாற்பத்தைந்து முடிந்துவிட்டால் அணியில் இடம் கிடையாது என்பது துப்பாக்கிச் சங்கத்தின் சட்டம். போட்டி முடிந்த அடுத்த மாசம் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. இந்தத் தடவையும் வழுக்கினால் அவ்வளவுதான்.

"இந்தத் தடவை வழுக்கக் கூடாதுடா," என்றார் மேஸ்திரி, மச்சினனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தபடி. "வழுக்கினா நான் மனுஷனே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை. வாரம் ஒரு நாள் பயிற்சி. கூடப் போவதற்காக மேஸ்திரி குளித்து, தலை வாரி, தொப்பியும் மாட்டித் தயாராக நின்றார். மனைவி கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நாலு நடை நடந்தாள்.

"எப்படி?" என்றார். குரலில் பெருமை பொங்கியது.

"டைல்ஸ்ல நல்லாப் பிடிக்குதுங்க." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அங்க டைல்ஸ் இல்லையே. சரளைக்கல்லாச்சே."

மேஸ்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். இருபது வருஷமாக டைல்ஸையே பார்த்த கண்ணுக்கு உலகம் பூராவும் டைல்ஸாகவே தெரிந்திருக்கிறது!

"அட முட்டாள்! உன்னைச் சொல்லல, என்னைச் சொன்னேன். இப்பவே போய் மாத்திட்டு வந்துடறேன்."

"இன்னிக்கே அலையணுமா? சரி, போறதுன்னா காலையிலேயே போயிடுங்க. கூட்டம் இருக்காது."

"அப்ப பயிற்சிக்கு?"

"எதையாவது மாட்டிக்கிட்டுச் சமாளிச்சுக்கறேன். நீங்க நிதானமாப் பார்த்து வாங்குங்க. அவசரமே இல்ல."

எப்படிப்பட்ட பொறுமை! மேஸ்திரிக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று.

விளையாட்டு ஷூ கடைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தரையிலிருந்து கூரை வரை நாலு சுவரும் ஷூ. ஒவ்வொன்றும் அடிப்பாகம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தார்கள். கட்டம் போட்டது, வரி போட்டது, பல் வைத்தது, குமிழ் வைத்தது. எத்தனை கோலம், எத்தனை யோசனை! மனுஷன் கீழே விழாமல் இருக்க இன்னொரு மனுஷன் எங்கேயோ உட்கார்ந்து இவ்வளவு மண்டையைக் குடைந்திருக்கிறானே என்று அவருக்குக் கண்ணே கலங்கியது.

"எந்த விளையாட்டுக்கு சார்?" என்றாள் கடைப் பெண். சிரித்த முகம், கழுத்தில் அளவுநாடா.

"துப்பாக்கி."

கடைப் பெண் ஓர் அடி பின்னால் போனாள். "சுடுறவங்களுக்கு எதுக்கு சார் ஓடுற ஷூ? எதிர்ல நிக்கிறவங்களுக்குத்தானே வேணும்?"

மேஸ்திரி விளக்கினார். விளக்கும்போது துப்பாக்கி மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கடை நீளத்துக்கும் ஓடிக் காட்டினார். இரண்டு வாடிக்கையாளர்கள் வெளியே போய்விட்டார்கள்.

"உங்க வீட்டம்மாவா இதெல்லாம் பண்றாங்க?"

"ஆமாம்மா. நேர்ல பார்த்தா நம்ப மாட்டே. ஓட்டம் ஓட்டமா இருக்கும், ஆனா தோளுக்கு மேல ஒரு அசைவு இருக்காது. தலைமேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சா சிந்தாது. எனக்கெல்லாம் அந்த வீட்ல இருக்கிறதுக்கே தகுதி இருக்கான்னு அப்பப்ப சந்தேகம் வரும்."

கடைப் பெண் மனசு இளகி, கால்பந்து ஆடுகிறவர்கள் போடுகிற குமிழ் வைத்த ஷூவை எடுத்துக் கொடுத்தாள். "கல்லு, மண்ணு எல்லாத்துலயும் கவ்விப் பிடிக்கும் சார்."

மறுநாள் வீட்டுக்கு மூன்று மூட்டை சரளைக்கல் வந்தது. கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் போகிற நடையில் அதைப் பரப்பினார். சரளைமேல் ஷூ கவ்விய கவ்வலைப் பார்த்து அசந்துபோனார். ஓடினார், நின்றார், ஓடினார், நின்றார். அந்தக் குஷியில் நடை முடிந்து கூடத்துக்குள்ளேயும் ஓடிவிட்டார்.

'டிக்' என்று ஒரு சத்தம்.

குனிந்து பார்த்தார். அந்தக் கூடத்துத் தரை அவரே பதித்தது. இணைப்பு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். வேறு மேஸ்திரிகள் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் தலைகுனிந்து போன தரை அது. அதில் இப்போது குறுக்கே ஒரு விரிசல்.

"போனா போகுது," என்று எச்சிலை விழுங்கிக்கொண்டார். "அவ விழறதைவிடத் தரை விரியட்டும்."

ஞாயிறு வந்தது. மேஸ்திரி தொப்பி மாட்டிக்கொண்டார். மனைவி ஷூ மாட்டிக்கொண்டாள். சரளையில் நடந்தாள்.

"கல்லுல அருமையா நிக்குதுங்க. ஆனா..."

"ஆனா?"

"நடுவுல ரெண்டு எடத்துல மரப்பலகை மேடை வருமே. அதுல ஏறினா கோலிக்குண்டு மேல நிக்கிற மாதிரி இருக்கும்னு தோணுது."

மேஸ்திரி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

இந்தத் தடவை மலையேறுகிறவர்களின் ஷூ. அடிப்பாகத்தில் ஆழ ஆழமாகப் பள்ளம். இதற்கும் குறை வந்துவிடக் கூடாது என்று வீட்டிலேயே முழு மைதானத்தையும் உருவாக்கிவிட்டார். கூடத்தில் இரண்டு பலகை மேடை. குளியலறை வாசலில் புல்தரைத் துண்டு. மழை பெய்தால் என்ன ஆகும் என்று பார்க்க எல்லாவற்றின் மேலும் நாலு வாளி தண்ணீர். துப்பாக்கிக்குப் பதில் டி.வி. ரிமோட்.

"மாமா, நியாயமா இப்ப நீங்க ஆஸ்பத்திரியில இருக்கணும்," என்றான் மச்சினன். அவன் இப்போதெல்லாம் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. "அக்கா வேலை செய்ற எடத்துல இல்ல, வேற மாதிரி எடத்துல."

"நொடியைப் பார்த்துச் சொல்லுடா. ரெடி!"

மேஸ்திரி ரிமோட்டை நேராக நீட்டிக்கொண்டு சரளையில் ஓடினார். பலகையில் ஏறினார். சட்டென்று நின்றார். ஷூ நின்றது, அவர் நிற்கவில்லை. ரிமோட் ஜன்னல் வழியாக வெளியே போயிற்று.

பலகைமேல் குப்புறக் கிடந்தபடி அவர் யோசித்தார். வெறும் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஆறே எட்டு எடுத்துவைத்து ஓடி நிற்பதற்கு இந்தப் பாடு. அவள் காதில் பெரிய கவசத்தை மாட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் நிஜத் துப்பாக்கியோடு ஆறு கட்டம் ஓடுகிறாள். ஒவ்வொரு கட்டத்திலும் நின்ற நொடியே சுடுகிறாள், தட்டு சாய்கிறது. மறுநாள் காலை ஒன்றுமே நடக்காத மாதிரி குழந்தைகளுக்கு ஊசி குத்தப் போய்விடுகிறாள். இப்படிப்பட்ட ஒருத்தியோடு இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, 'குழம்புல உப்பு கம்மி' என்றெல்லாம் சொல்லியிருக்கிறோமே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஏழு நொடி, மாமா," என்றான் மச்சினன். "விழுந்து கிடந்ததையும் சேர்த்து ரெண்டு நிமிஷம்."

கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்தாள். கையில் ரிமோட் இருந்தது. "மாடியில குதிரை கட்டியிருக்கீங்களா? கட்டினாலும் பரவாயில்ல, அதை நாலு வாளி தண்ணியில குளிப்பாட்டணுமா? என் சமையலறையில ஒழுகுது."

மேஸ்திரி மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்க சமையலறைத் தரை என்ன டைல்ஸுங்க?" என்றும் கேட்டார். கதவு சாத்துகிற சத்தம்தான் பதில்.

ஞாயிறு. தொப்பி. ஷூ. மனைவி சரளையில் நடந்தாள், பலகையில் ஏறினாள், புல்லில் நின்றாள். எல்லாவற்றிலும் பிடித்தது. மேஸ்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குங்க," என்றாள். பிறகு காலைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டினாள். "கட்டைவிரல்லதான் லேசா இடிக்கிற மாதிரி இருக்கு."

"ஏழாம் நம்பர்தானே? எனக்கு இடிக்கலையே?"

"எனக்கு இடிக்குதே."

அரை நம்பர் பெரிசு வாங்கி வந்தார். அடுத்த ஞாயிறு, "குதிகால்ல லேசாக் கழலுது," என்றாள். அதற்கு அடுத்த ஞாயிறு, "வலது கால் சரி, இடது கால்தான் என்னவோ ஒரு மாதிரி," என்றாள்.

கடைப் பெண் இப்போது அவரை 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அவர் வருகிற நேரத்துக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தாள்.

"அண்ணா, அவங்களுக்கு இருக்கிறது காலா, நகைக்கடைத் தராசா?"

"அதைத்தாம்மா நானும் யோசிச்சேன்!" மேஸ்திரிக்குப் புல்லரித்தது. "மயிரிழை வித்தியாசம்கூட அந்தக் கால் கண்டுபிடிச்சுடுது. சாதாரண மனுஷங்களுக்கு வருமா இது? அந்த நுணுக்கம் இருக்கிறதாலதான் அவ்ளோ தூரத்துல இருக்கிற தட்டைச் சாய்க்கிறா. நான் ஒரு டைல்ஸை லெவல் பார்க்க நீர்மட்டம் வெக்கணும். அவ காலை வெச்சாலே போதும் போலிருக்கு!"

"கொடுத்து வெச்சவர் அண்ணா நீங்க."

"அதைச் சொல்லு."

போட்டிக்கு இன்னும் பத்து நாள். கடையில் இருக்கிற ஷூவை நம்பிப் பிரயோஜனமில்லை, நாமே செய்துவிடலாம் என்று மேஸ்திரிக்குத் தோன்றியது. தொழில்காரன் மூளை அல்லவா! சாதாரண ஷூ ஒன்றைக் கவிழ்த்தார். டைல்ஸ் ஒட்டுகிற பசையை அடியில் பூசினார். அதன்மேல் தரை தேய்க்கிற கல்லின் பொடியைத் தூவினார். பொடி நன்றாக அழுந்தட்டும் என்று ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. ஒரு வீட்டில் குளியலறைச் சுவருக்கு என்ன நிறம் போடலாம் என்று கேட்டார்கள். நிறம் என்று ஆரம்பித்தால் மேஸ்திரி லேசில் விடமாட்டார். பேசி முடித்து ஃபோனை வைத்தவர் காலைத் தூக்கினார். வரவில்லை.

மச்சினனை வரவழைத்தார். அவன் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தான்.

"நல்லாத்தானே மாமா நிக்கறீங்க?"

"வந்து இழுடா!"

இடுப்பைப் பிடித்து இழுத்தான். மேஸ்திரி மட்டும் வந்தார், ஷூ வரவில்லை. கடப்பாரை கொண்டுவரட்டுமா என்று கேட்டான்.

"பிரயோஜனமில்லடா. நான் கலக்கின பசை அது. டைல்ஸ் வரும், ஷூ வராது," என்றார் மேஸ்திரி. அந்த நிலைமையிலும் குரலில் ஒரு கர்வம் எட்டிப் பார்த்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி, நடுக்கூடத்தில் யாரும் இல்லாமல் தானாக நின்றுகொண்டிருந்த இரண்டு ஷூக்களைப் பார்த்தாள். சரளையைப் பார்த்தாள். விரிசலைப் பார்த்தாள். எண்ணெய்க் கறையைப் பார்த்தாள். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பிறகு வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"எதுக்குங்க இவ்ளோ கஷ்டப்படறீங்க?"

"என்ன கேள்வி கேக்கறே? போன வருஷம் நான் வாங்கிக் கொடுத்த ஷூதானே உன்னைக் கவுத்துச்சு?" மேஸ்திரி தலையைக் கையால் பிடித்துக்கொண்டார். "நாலு வருஷ உழைப்பு. நான் ஒரு ஷூ பார்த்து வாங்கத் தெரியாம அதைக் கெடுத்துட்டேன். நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. இந்தத் தடவையாவது உன் காலுக்குக் கீழே எதுவும் நகரக் கூடாது. அது போதும் எனக்கு."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவர் முழங்காலில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினாள்.

"அந்த ஷூ மேல எந்தத் தப்பும் இல்லைங்க," என்றாள்.

"நீ அப்படித்தான் சொல்லுவே. உன் குணம் எனக்குத் தெரியாதா?"

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் கடைப் பெண்ணே ஃபோன் பண்ணிக் கூப்பிட்டாள். எங்கெங்கோ சொல்லி ஒரு ஜோடி வரவழைத்திருந்தாள். மேஸ்திரி பெட்டியைத் திறந்து ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பாகம் இரண்டு வகை ரப்பர். ஓரத்தில் கல்லுக்குப் பல், நடுவில் பலகைக்கு மெத்து. ஈரம் ஒதுங்கி ஓடுவதற்கு வாய்க்கால் மாதிரி நெளிநெளியாகக் கோடு. விரலால் தடவிப் பார்த்தார். ஒரு தொழில்காரனுக்கு இன்னொரு தொழில்காரனின் வேலை தெரியாதா? யார் பெற்ற பிள்ளை செய்ததோ, அவன் கை நல்லாயிருக்கட்டும் என்று மனசார வாழ்த்தினார்.

போட்டி நாள் காலை. அவள் அதைப் போட்டுக்கொண்டு சரளையில் ஓடினாள், பலகையில் ஏறினாள், ஈரப்புல்லில் திரும்பினாள், எண்ணெய்க் கறைமேல் நின்றாள். மேஸ்திரி தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். இடுப்புக் கட்டோடு மச்சினனும் வாசலில் நின்றான்.

"இதைவிட நல்ல ஷூவை நான் பார்த்ததே இல்லைங்க," என்றாள்.

"அக்கா, சத்தியமா?" என்றான் மச்சினன்.

"சத்தியமா."

மேஸ்திரிக்கு அழுகையே வந்துவிட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்தார்.

"ஆனா..." என்றாள்.

மச்சினன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"கயிறு கொஞ்சம் நீளமா இருக்குங்க. ஓடறப்போ அவுந்து மாட்டிக்குமோன்னு பயமா இருக்கு. கடையில குட்டைக் கயிறு இருக்குமில்ல? என் முறை பன்னிரண்டு மணிக்குத்தான். கடை பத்து மணிக்குத் திறந்ததும் மாத்திக்கிட்டு நேரா மைதானத்துக்கு வந்துடுங்களேன். நான் எதையாவது மாட்டிக்கிட்டு முன்னாடி போறேன்."

கயிறு! அது அவர் புத்திக்கு எட்டவே இல்லையே! அவ்வளவு பெரிய போட்டியன்றைக்கு, அவ்வளவு படபடப்பில், ஒரு கயிற்றைக் கவனிக்கிறாளே! மேஸ்திரி பெட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பறந்தார்.

கடை திறப்பதற்கு அரைமணி நேரம் முன்பே வாசலில் நின்றார். கதவு திறந்ததும் ஐந்தே நிமிஷத்தில் கயிற்றை மாற்றி, பஸ் பிடித்தார். பாதி வழியில் பஸ் நின்றது. முன்னால் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு கிடந்தது. எப்போது நகரும் என்று கேட்டதற்கு ஓட்டுநர் சாவகாசமாகக் கொட்டாவி விட்டார்.

மேஸ்திரி இறங்கி ஓடினார். மூன்று கிலோமீட்டர். அந்த உடம்பு ஓடிப் பல வருஷமாயிற்று. ஒரு கிலோமீட்டரில் தொப்பி போயிற்று. இரண்டாவதில் சட்டைப் பொத்தான் போயிற்று. பெட்டி மட்டும் போகவில்லை. மைதானத்து வேலியைப் பிடித்தபோது மணி பதினொன்றரை. இன்னும் அரைமணி இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தார்.

ஓட்டம் தொடங்குகிற கோட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

காதில் கவசம், கண்ணில் கண்ணாடி. பக்கத்தில் நடுவர். காலில், ஐயோ, ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போகிற சாதா வெள்ளை ஷூ! தேய்ந்து தேய்ந்து அடிப்பாகம் வெறும் அட்டையாகிப்போன ஷூ!

'நில்லு' என்று கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஓடிய ஓட்டத்தில் நெஞ்சில் ஒரு பொட்டு மூச்சு மிச்சமில்லை. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். அவள் பார்க்கவில்லை.

'பீப்' என்றது நேரம் பார்க்கிற கருவி.

அவள் ஓடினாள். மேஸ்திரி வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் கட்டம், இரண்டு தட்டு, சாய்ந்தது. இரண்டாவது கட்டம், பலகை மேடை, ஒரே தாவல், மூன்று தட்டு. துப்பாக்கி முனை ஒரே நேர்கோட்டில் போயிற்று. கால்கள் மட்டும் எங்கேயோ கீழே வேறொருத்தியுடையவை மாதிரி வேலை செய்துகொண்டிருந்தன. மூன்றாவது கட்டம். நாலாவதுக்கு வளைகிற அந்தப் பாழாய்ப்போன சரளை. மேஸ்திரி கண்ணை மூடிக்கொள்ள நினைத்தார். இமை மூட மறுத்தது. வெள்ளை ஷூ சரளையில் பதிந்தது, வளைந்தது, நின்றது. டப், டப். ஐந்தாவது. ஆறாவது. டப், டப், டப். கடைசித் தட்டு சாய்ந்த சத்தம் மணி அடித்த மாதிரி மைதானம் முழுக்கக் கேட்டது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. மதிப்பெண் பலகையில் எண் மாறியது. அவள் பெயர் எல்லாப் பெயருக்கும் மேலே ஏறி உட்கார்ந்தது.

மேஸ்திரிக்குக் கண்ணீர் தாரைதாரையாக ஓடிற்று. தொண்டையில் மட்டும் இன்னும் காற்று வரவில்லை. அவர் பதித்த எந்தத் தரையும், பார்த்த எந்த அழகும் இதற்கு உறை போடக் காணாது. ஆனால் எப்படி? அந்த வழுக்கல் ஷூவை வைத்துக்கொண்டு எப்படி?

பக்கத்தில் ஒரு பெண் குதித்துக் குதித்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் மார்பிலும் போட்டிக்காரர்களின் எண் அட்டை குத்தியிருந்தது. "எங்க அக்கா! எங்க பயிற்சியில கூட இருக்கிற அக்கா!" என்றாள் எல்லோரையும் பார்த்து. "இந்த வருஷம்தான் நான் சேர்ந்தேன். எல்லாம் அவங்க சொல்லிக் கொடுத்தது!"

மேஸ்திரி மூச்சு வாங்கியபடி, கையிலிருந்த பெட்டியையும் தூரத்தில் தெரிந்த வெள்ளை ஷூவையும் மாறி மாறிக் காட்டி, எப்படி என்று கையால் கேட்டார்.

"ஷூவைக் கேக்கறீங்களா? ஐயோ, அது பெரிய கூத்துங்க!" அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போன வருஷம் அக்கா ஓடின அழகைப் பார்த்து அவங்க வீட்டுக்காரர் ஆச்சரியம் தாங்காம 'அடி சக்கை'ன்னு போட்ட சத்தத்துல, இவங்க திரும்பிப் பார்த்துத்தான் விழுந்தாங்களாம், அதைச் சொன்னா அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவாரேன்னு, வாராவாரம் ஷூவுல ஏதாவது ஒரு குறையைச் சொல்லி அவரைக் கடைக்கு அனுப்பிட்டுத்தான் அக்கா இங்க வர்றாங்க!"